மேடை உளறலும் பக்கத்து நாற்காலியும்: ஓர் ஆய்வு

அரசியல்வாதிகளின் உளறலைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் பேசியவரின் நாக்கையே பிடித்துத் தொங்கியிருக்கிறார்கள். நாக்கில் சனி, வாய்க்கொழுப்பு, வாய்த்துடுக்கு என்று இதுவரை கிடைத்த விளக்கங்கள் அத்தனையும் உடற்கூற்றியல் சார்ந்தவை. இதனால் துறையில் பெரிய இடைவெளி விழுந்துவிட்டது. ஒவ்வொரு உளறலின்போதும் பக்கத்தில் இன்னும் நாலைந்து நாற்காலிகள் இருந்தன. அவற்றில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பலர் படித்தவர்கள், சிலர் பேசப்பட்ட விஷயத்திலேயே பட்டம் வாங்கியவர்கள். அந்த நேரத்தில் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இந்த ஆய்வின் கருதுகோள் எளியது. உளறல் தனிநபர் சாதனை ஆகாது. அது கூட்டு முயற்சி. அதற்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பேச வேண்டும், இன்னொருவர் பேசாமல் இருக்க வேண்டும்.

வரையறை

உளறல் எது, எது இல்லை என்று முதலில் வரப்பு கட்டிக்கொள்வது நல்லது. பொய் இதில் சேராது. அது திட்டமிட்ட தொழில், அதற்குத் தனித் துறை இருக்கிறது. தேர்தல் வாக்குறுதியும் சேராது, அது புனைவிலக்கியம். பதவியில் இருக்கும் ஒருவர் தெளிந்த நினைவோடு சொன்ன ஒன்றுக்கு மறுநாள் காலை அவரே விளக்கம் தரவேண்டி வந்தால் அது உளறல். விளக்கம் வரும்வரை அது கருத்து.

முதற்சான்று: உருளைக்கிழங்கு

1992 ஜூன் 15. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம், ட்ரென்டன் நகரில் ஒரு பள்ளிக்கூடம். துணை அதிபர் டான் குவேல் மாணவர்களுக்கு எழுத்துக்கூட்டல் போட்டி நடத்துகிறார். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் எழுந்துபோய், உருளைக்கிழங்குக்கான ஆங்கிலச் சொல்லைக் கரும்பலகையில் சரியாகவே எழுதுகிறான். குவேல் பலகையைப் பார்க்கிறார். கையில் இருக்கும் அட்டையைப் பார்க்கிறார். கடைசியில் இன்னும் ஏதோ விட்டுப்போயிற்று என்று பையனுக்குக் கனிவாக எடுத்துச் சொல்கிறார். பையன் விழிக்கிறான். பெரியவர் சொல்கிறாரே என்று சொல்லின் வாலில் ஓர் 'ஈ'யை ஒட்டிவைக்கிறான். கைதட்டல்.

உருளைக்கிழங்கை எழுதத் தெரியாதவர் என்று குவேலின் பெயர் அன்றோடு நிலைத்துவிட்டது. அவருடைய வாழ்க்கையில் மற்றதெல்லாம் அதற்கு அடிக்குறிப்பு. ஆனால் அந்த அட்டையைப் பள்ளிதான் தந்திருந்தது. அதில் சொல் தப்பாகவே எழுதப்பட்டிருந்தது. அட்டையை எழுதிய கை ஒன்று. அதைத் துணை அதிபரிடம் சேர்த்த கை வேறொன்று. அறையில் ஆசிரியர்கள் இருந்தார்கள், உதவியாளர்கள் இருந்தார்கள். ஒரே ஓர் எழுத்தைத் தப்பாகச் சேர்க்க இத்தனை பேருடைய ஒத்துழைப்பு தேவைப்பட்டிருக்கிறது. விடை தெரிந்தும் மாற்றி எழுதிய அந்தப் பையனை அடுத்த மாதமே எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சி தன் மாநாட்டுக்கு அழைத்து, தேசிய உறுதிமொழியைச் சொல்ல வைத்தது. பின்னாளில் வந்த அதிகாரிகள் பலருக்கு அவன் முன்னோடி. அவர்களுக்கு மேடைதான் கிடைக்கவில்லை.

வகைப்பாடு

பக்கத்து நாற்காலிக்காரர்களைப் பெரும்பாலும் மூன்று இனங்களில் அடக்கிவிடலாம்.

முதல் இனம், சிரிப்போர். 2013 ஏப்ரலில் மகாராஷ்டிரம் வறட்சியில் வெந்துகொண்டிருந்தது. மும்பை ஆசாத் மைதானத்தில் விவசாயி ஒருவர் தண்ணீர் கேட்டு ஐம்பது நாளுக்கும் மேலாக உண்ணாவிரதம் இருந்தார். இந்தாபூர் கூட்டத்தில் பேசிய அன்றைய துணை முதல்வர் அஜித் பவார், அணையில் தண்ணீர் இல்லை என்றால் சிறுநீர் கழித்தா நிரப்புவது என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவரை இன்னும் ஓர் எட்டு முன்னே தள்ளியது. மின்வெட்டால் ராத்திரியில் வேறு வேலையில்லாமல் பிள்ளைகள் அதிகம் பிறக்கின்றன என்ற ஆராய்ச்சி முடிவையும் வெளியிட்டார். மறுநாள் மாநிலமே கொதித்தது. மன்னிப்புக் கேட்டார். அதுவும் போதாமல், கராடில் உள்ள ஒய்.பி. சவாண் நினைவிடத்தில் ஒரு நாள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். சிரித்தவர்களுக்குப் பட்டினி எதுவும் விதிக்கப்படவில்லை.

ஜப்பானில் இந்த இனத்துக்கு இன்னும் துல்லியமான சான்று கிடைக்கிறது. 2025 மே மாதம் அங்கே அரிசி விலை ஒரே ஆண்டில் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தது. அப்போது வேளாண் அமைச்சர் டாக்கு எட்டோ கட்சி நிதிதிரட்டும் விருந்தொன்றில் பேசினார். தான் அரிசியைக் காசு கொடுத்து வாங்கியதே இல்லை என்றார். ஆதரவாளர்கள் கொண்டுவந்து குவிப்பது விற்கும் அளவுக்கு வீட்டில் இருக்கிறது என்றார். சில நாளிலேயே பதவி போனது. தந்த விளக்கத்தில் இரண்டு தகவல்கள் ஆய்வுக்கு உதவுகின்றன. ஒன்று, அரங்கத்தைச் சிரிக்கவைக்கும் ஆசையில் கொஞ்சம் கூட்டிச் சொன்னது. இரண்டு, வீட்டில் அரிசி வாங்கிக்கொண்டிருந்த மனைவி திட்டியது. அமைச்சகம் முழுவதிலும் உண்மை நிலவரம் தெரிந்த ஒருவர், மேடைக்கு அழைக்கப்படாதவராக இருந்திருக்கிறார்.

அதே நாட்டில் 2021 பிப்ரவரியில் டோக்கியோ ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுத் தலைவரும் முன்னாள் பிரதமருமான யோஷிரோ மோரி, பெண்கள் நிறைய இருந்தால் கூட்டம் நீண்டுகொண்டே போகும் என்றார். அங்கேயும் சிரிப்பொலி பதிவாகியிருக்கிறது. ஒன்பதாம் நாள் பதவி விலகினார்.

இரண்டாம் இனம், வழிமொழிவோர். 2018 ஏப்ரலில் திரிபுரா முதல்வர் பிப்லப் தேவ், மகாபாரத காலத்திலேயே இணையமும் செயற்கைக்கோளும் இருந்தன என்றார். போர்க்களத்தில் நடந்ததைச் சஞ்சயன் வேறெப்படி திருதராஷ்டிரனுக்குச் சொல்லியிருக்க முடியும் என்பது அவர் வைத்த நிரூபணம். அவர் இதைச் சொன்னது ரேஷன் முறையைக் கணினிமயமாக்குவது பற்றிய பயிலரங்கில் என்பதையும் குறிக்க வேண்டும். நாடு சிரித்துக்கொண்டிருக்கையில் அந்த மாநில ஆளுநர் ததாகத ராய் முதல்வருக்கு ஆதரவாகக் கருத்துச் சொன்னார். அரசியல் சட்டம் அவருக்குத் தந்த நாற்காலி முதல்வருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

வைகை அணையையும் இங்கே சேர்க்க வேண்டும். அங்கே நடந்தது பேச்சில்லை, செயல் என்றாலும். 2017 ஏப்ரலில் அன்றைய கூட்டுறவுத் துறை அமைச்சர் செல்லூர் கே. ராஜு, நீர் ஆவியாவதைத் தடுக்க டேப்பால் ஒட்டிய தெர்மோகோல் அட்டைகளை அணையில் மிதக்கவிட்டார். காற்று அடித்தது; அட்டைகள் கரை ஒதுங்கின. இன்றுவரை அவர் பெயரைச் சொன்னால் தெர்மோகோல் முன்னால் வந்து நிற்கிறது. ஆனால் யோசனையின் வேர் அப்படியொன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை. 2015இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகர நீர்த்தேக்கம் ஒன்றில் 9.6 கோடி கறுப்புப் பிளாஸ்டிக் பந்துகளை மிதக்கவிட்டு மூடினார்கள். தண்ணீரின் தரத்தைக் காப்பது முதல் நோக்கம். ஆவியாதல் குறைவது கூடுதல் பலன். காற்று தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க அந்தப் பந்துகளுக்குள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். இரண்டு திட்டங்களுக்கும் நடுவே உள்ள தூரம் அந்தக் கொஞ்சம் தண்ணீர்தான். ஆண்டிபட்டிப் பக்கம் சித்திரை மாதத்தில் காற்று அடிக்கும் என்று தெரிந்தவர்கள் அன்று அமைச்சரைச் சுற்றிலும் நிறையப் பேர் நின்றார்கள்.

மூன்றாம் இனம், தரையைப் பார்ப்போர். இதன் உச்சம் 2020 ஏப்ரல் 23, வெள்ளை மாளிகையின் கொரோனா செய்தியாளர் கூட்டம். கிருமிநாசினி கிருமியை ஒரு நிமிடத்தில் கொல்கிறதே, அதை ஊசி மூலமோ வேறு வழியிலோ உடம்புக்குள் செலுத்திப் பார்க்கலாமா என்று அதிபர் டிரம்ப் கேட்டார். சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் டாக்டர் டெபோரா பர்க்ஸ். தொற்றுநோயில் பல ஆண்டு அனுபவம் உள்ளவர். கேமரா அவரைப் பிடித்தபோது கண் கீழே போனது, கை மடியில் கிடந்தது. வெப்பமும் வெளிச்சமும் சிகிச்சையாகுமா என்று அதிபர் அவரையே கேட்டார். சிகிச்சையாக இல்லை என்றவர், காய்ச்சல் என்னவோ உடம்புக்கு நல்லதுதான் என்று ஒரு வாலையும் சேர்த்தார். டெட்டால் தயாரிக்கும் ரெக்கிட் நிறுவனம் மறுநாள், தன் பொருள்களை எக்காரணம் கொண்டும் உடம்புக்குள் செலுத்தக் கூடாது என்று அறிக்கை விட்டது. ஒரு டாக்டர் பக்கத்தில் இருந்தும் அதைச் சொல்லச் சோப்புக் கம்பெனி வரவேண்டியிருந்தது. அந்த நிமிடத்தைத் தினமும் நினைத்துக்கொள்வதாக அடுத்த ஆண்டு பேட்டியில் பர்க்ஸ் சொன்னார்.

அரிய நான்காம் இனம்

எப்போதாவது தென்படும் இன்னோர் இனம் உண்டு: பதில் சொல்வோர். 2010 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் அட்மிரல் ராபர்ட் வில்லார்டு சாட்சியம் தந்துகொண்டிருந்தார். பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவுக்கு எண்ணாயிரம் மரைன் படை வீரர்களைக் குடும்பத்தோடு அனுப்பினால், பாரம் தாங்காமல் தீவு ஒருபக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்துவிடுமோ என்று தன் கவலையைத் தெரிவித்தார் ஜார்ஜியா மாநில உறுப்பினர் ஹேங்க் ஜான்சன். அட்மிரலின் முகத்தில் ஒரு தசை அசையவில்லை. அப்படி நேரும் என்று எதிர்பார்க்கவில்லை என்றார். கையோடு குவாமின் மக்கள்தொகை எவ்வளவு, இன்னும் எத்தனை பேர் கூடுவார்கள் என்ற கணக்கையும் வைத்தார். மரியாதையும் கெடவில்லை, தீவும் கவிழவில்லை.

இந்தியாவிலும் இந்த இனம் அற்றுப்போகவில்லை. குரங்கு மனிதனானதை யாரும் பார்த்ததில்லை, ஆகவே டார்வின் கொள்கை தவறு என்று 2018 ஜனவரியில் சொன்ன மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங்கிடம், இப்படிப்பட்ட பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அவருடைய மூத்த அமைச்சர் பிரகாஷ் ஜவடேகரே தெரிவித்தார். 2025 ஏப்ரலில் அமைச்சர் பொன்முடி சைவ, வைணவச் சின்னங்களைப் பாலியல் தொழிலோடு முடிச்சுப் போட்டு ஒரு 'ஜோக்' சொன்னபோது, அவர் கட்சியின் கனிமொழியே வெளிப்படையாகக் கண்டித்தார். கட்சிப் பதவி அன்றைக்கே பறிபோனது. மாதம் முடிவதற்குள் அமைச்சர் பதவியும் போயிற்று. பெண்களின் இலவசப் பேருந்துப் பயணத்தை 'ஓசி' என்று 2022இல் அவர் சொன்னபோதே நாலாம் இனத்தார் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். அந்த ஆண்டு அக்டோபரில் திமுக பொதுக்குழுவில் மு.க. ஸ்டாலின், நம் ஆட்கள் புதிதாக எந்தப் பிரச்சினையையும் கிளப்பியிருக்கக் கூடாதே என்ற நினைப்போடுதான் தினமும் கண்விழிப்பதாகவும், சில நாள் தூக்கமே வருவதில்லை என்றும் புலம்பியிருந்தார்.

விதிவிலக்கு: இட்லி

கருதுகோளுக்கு அடங்காத சான்று ஒன்றை மறைப்பது ஆய்வு நெறியாகாது. 2017 செப்டம்பரில் மதுரைப் பொதுக்கூட்டத்தில் அன்றைய வனத்துறை அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன், அப்போலோவில் ஜெயலலிதா இட்லி சாப்பிட்டார் என்று தாங்கள் சொன்னதெல்லாம் பொய், மன்னித்துவிடுங்கள் என்று போட்டு உடைத்தார். இங்கே உளறலாகக் கருதப்பட்டது உண்மை. பக்கத்து நாற்காலிக்காரர்களின் மௌனமும் இங்கே தலைகீழ். பொய் சொன்னபோது பல மாதம் கூடவே தலையாட்டியவர்களுக்கு, உண்மை வந்ததும் தர்மசங்கடமாகிவிட்டது.

விளக்கத்தின் வளர்ச்சிக் கட்டங்கள்

மறுநாள் விளக்கம் நாலு படிகளில் ஏறுகிறது. முதலில், நான் அப்படிச் சொல்லவே இல்லை. வீடியோ வந்ததும், வெட்டி ஒட்டிவிட்டார்கள். முழு வீடியோவும் வந்ததும், வேடிக்கையாகச் சொன்னேன். கடைசியில், யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன். மூன்றாம் படியில்தான் கூட்டம் அதிகம். டிரம்ப் கிண்டலாகக் கேட்டதாகச் சொன்னார். ஜான்சனும் தீவு கவிழ்வதாகச் சொன்னது நகைச்சுவை என்றார். நாலாம் படியின் இலக்கணத்தில் ஒரு நுட்பம் உண்டு. 'புண்பட்டிருந்தால்' என்பதால் புண்பட்டதை நிரூபிக்கும் பொறுப்பு அடிபட்டவர் தலையில் விழுகிறது.

பரிந்துரை

பேசுகிறவரைத் திருத்தச் செலவிட்ட காசு இதுவரை பலன் தந்ததில்லை. அதைப் பக்கத்து நாற்காலிக்குத் திருப்பிவிடலாம். ஒவ்வோர் அமைச்சருக்கும் ஓர் அருகிருக்கை அலுவலர் வேண்டும். அவர் பொன்னாடை போர்த்தக் கூடாது, சிரிக்கக் கூடாது, தரையைப் பார்க்கக் கூடாது. வில்லார்டு போல முகம் சுளிக்காமல் 'அப்படி எதிர்பார்க்கவில்லை' என்று சொல்லத் தெரிய வேண்டும். அட்டையை முன்கூட்டியே வாங்கி எழுத்துப்பிழை பார்க்க வேண்டும்; அமைச்சர் வீட்டில் அரிசி யார் வாங்குகிறார்கள் என்று விசாரித்து வைத்திருக்க வேண்டும். பணி நியமனத்தில் ஒரே ஒரு சிக்கல் தீராமல் நிற்கிறது. தேர்வுக் குழுவின் தலைவராக மரபுப்படி சம்பந்தப்பட்ட அமைச்சரையே போட வேண்டியிருக்கிறது. அவர் சொல்லும் ஜோக்குக்கு நேர்காணலில் சிரிக்காத ஆள் இரண்டாம் சுற்றுக்குப் போவது கடினம்.