காலணியோடு கடிகாரத்தையும் கழற்றுங்கள்

ஜப்பானில் குடியிருக்கும் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கே: டோக்கியோவில் ஐ.டி. வேலை. தேநீர்க் கலை கற்க ஆசை. ஒரு மணி நேர 'அனுபவ வகுப்பு' போதுமா? (வாசகர், நிஷிகசாய்)

ப: ருசி பார்க்கப் போதும், கற்கப் போதாது. சுற்றுலா வந்தவருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். நீங்களோ அங்கே வாடகை கொடுத்து வாழ்கிறவர். வாராவாரம் ஒரே ஆசிரியர் முன்னால் போய் உட்காரும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது, அதை வீணாக்காதீர்கள். தேநீர்க் கலை ஆசான் சென் நோ ரிக்யூவின் (1522–1591) வழிவந்த ஒமோதெசென்கே, உராசென்கே, முஷாகோஜிசென்கே ஆகிய மூன்று பள்ளிகளுக்கும் தலைமையிடம் கியோட்டோ. எந்தப் பள்ளி உயர்ந்தது என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆசிரியரே உங்களுக்கு நல்ல ஆசிரியர். 'கோமின்கான்' எனப்படும் பொது மன்றங்களில் குறைந்த கட்டணத்தில் குழுக்கள் நடக்கின்றன. மாதக் கட்டணத்தை உறையில் போட்டு, கசங்காத நோட்டாகக் கொடுங்கள்.

கே: கிண்ணத்தைக் கையில் வைத்துச் சுழற்றுகிறார்களே, எதற்கு? (வாசகி, யோகோஹாமா)

ப: கிண்ணத்தின் அழகான முகப்பு உங்களைப் பார்க்கும்படி வைத்துத் தருகிறார் விருந்தளிப்பவர். அந்த முகப்பில் வாய் வைக்காமல் இருக்க நீங்கள் அதைத் திருப்புகிறீர்கள். அவர் தன்னிடம் உள்ள சிறந்ததை உங்களுக்குக் காட்டுகிறார், நீங்கள் அதற்கு ஒதுங்கி வழிவிடுகிறீர்கள். பேச்சே இல்லாமல் நடக்கும் இந்தப் பரிமாற்றம்தான் என்னை இந்தக் கலையின் பக்கம் இழுத்தது.

மற்றதெல்லாம் இதே வழியில் புரிந்துவிடும். குடிக்கும் முன் அடுத்த விருந்தினரிடம் 'உங்களுக்கு முன்னதாக' என்று சொல்லித் தலை தாழ்த்துவது, அவர் காத்திருக்கிறார் என்பதை நினைவில் வைத்திருப்பதால். மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றிவைப்பது, கிண்ணத்தில் கீறல் விழாமல் இருக்க. சில கிண்ணங்கள் பல நூற்றாண்டுப் பழமை உடையவை. இனிப்பை முதலில் தின்று முடித்துவிடுவது, பின்னால் வரும் கசப்புக்கு நாக்கைத் தயார் செய்ய. தேநீர் அறையின் வாயில் இரண்டடி உயரம்தான் இருக்கும். சாமுராயும் வாளை வெளியே வைத்துவிட்டு, குனிந்து தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது. ஒயாமஸாகியில் ரிக்யூ அமைத்ததாகக் கருதப்படும் 'தாய்-ஆன்' அறை இரண்டே பாய் அளவு. அது இன்று ஜப்பானின் தேசியப் பொக்கிஷம்.

கே: மண்டியிட்டு உட்கார்ந்தால் பத்தே நிமிடத்தில் கால் மரத்துப்போகிறது. வெளிநாட்டவருக்கு மட்டும்தான் இப்படியா?

ப: ஜப்பானியருக்கும் மரத்துப்போகும். தயங்காமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். 1872இல் கியோட்டோ கண்காட்சிக்கு வந்த வெளிநாட்டவருக்காகவே, நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் அருந்தும் முறையை உராசென்கேயின் அப்போதைய தலைவர் உருவாக்கினார். 'ர்யூரெய்' என்று கேளுங்கள். மரபே உங்களுக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறது.

கே: வெந்நீர் ஊற்றுக் குளியலில் சோப்புப் போடலாமா?

ப: தொட்டிக்கு வெளியே தாராளமாக. தொட்டிக்குள் கூடவே கூடாது, துண்டையும் முக்காதீர்கள்.

கே: சாப்பாட்டுக் குச்சிகளில் செய்யவே கூடாதது எது?

ப: இரண்டு. சோற்றில் நட்டு வைப்பது இறந்தவருக்குப் படைக்கும் முறை. குச்சியிலிருந்து குச்சிக்கு உணவைக் கைமாற்றுவது, தகனத்துக்குப் பின் எலும்பை எடுக்கும் முறை. பிறர் வீட்டுத் துக்கத்தை நினைவூட்டும் செயல்கள் இவை. மற்றப் பிழைகளை மன்னித்துவிடுவார்கள்.

கே: நான் சுத்த சைவம். இந்தக் கலைகளின் பக்கம் போக முடியுமா? (வாசகி, கவாசாகி)

ப: தேநீரோடு தரும் இனிப்புகள் பெரும்பாலும் பயறு, அரிசி மாவு, சர்க்கரை. சிக்கல் விருந்துச் சாப்பாட்டில்தான். காய்கறி என்று நம்பும் குழம்பிலும் உலர்மீன் சாறு இருக்கும். அழைத்தவரிடம் பல நாள் முன்பே சொல்லிவிடுங்கள். தட்டு வந்தபின் சொன்னால், சமைத்தவர் மனம் நொந்துபோவார். மனம் குளிரச் சைவம் சாப்பிட வேண்டுமென்றால், 816இல் கூகாய் துறவிக்கு அளிக்கப்பட்ட கோயாசான் மலைக்குப் போய்க் கோயில் விடுதியில் தங்குங்கள். வெங்காயம், பூண்டுகூட இல்லாத 'ஷோஜின்' சமையல், விடியற்காலை வழிபாடு இரண்டும் கிடைக்கும்.

கே: அலுவலக நண்பர் கல்யாணம். மொய் எவ்வளவு?

ப: நண்பர், சக ஊழியர் என்றால் 30,000 யென் வழக்கம். நம் ஊரில் ஒரு ரூபாய் சேர்த்து எழுதுவதைப் போல அங்கும் இரண்டாகப் பிரியாத எண்ணே மங்கலம். புது நோட்டு, அதற்கென்று விற்கும் அலங்கார உறை. துக்க வீட்டுக்கு இதற்கு நேர்மாறு: புது நோட்டு வைத்தால், சாவை எதிர்பார்த்துப் பணத்தைத் தயாராக வைத்திருந்ததாகப் பொருள்படும்.

கே: நாம் கிமோனோ உடுத்தினால் அவர்கள் மனம் புண்படுமா?

ப: சரியாக உடுத்தினால் பெரும்பாலோர் மகிழ்வார்கள். இடப்பக்கம் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை. தெருவில் ஒரு மூதாட்டி உங்களை நிறுத்தி இடுப்புப் பட்டையைச் சரிசெய்தால் கூச்சப்படாமல் நன்றி சொல்லுங்கள்.

கே: மகள் உள்ளூர்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. எந்தக் கலையில் சேர்க்கலாம்?

ப: தூரிகை எழுத்து. மூன்றாம் வகுப்பிலிருந்து பள்ளியிலேயே தூரிகை பிடிக்கச் சொல்லித் தருவார்கள். முன்கூட்டியே பழகினால் வகுப்பில் தைரியமாக உட்காருவாள்.

கே: எத்தனை வருடம் இருந்தாலும் வெளிநாட்டான் வெளிநாட்டான்தானே? எதற்கு இத்தனை பாடு? (வாசகர், நகோயா)

ப: உங்கள் வருத்தம் பொய்யில்லை. பல வருடம் வாழ்ந்தவரிடமும் 'குச்சி பிடிக்கத் தெரியுமா' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் டொனால்ட் கீனைப் பாருங்கள். 1953இல் கியோட்டோவுக்குப் படிக்க வந்த அமெரிக்கர். கியோகென் என்ற நகைச்சுவை நாடகத்தை முறையாகக் கற்று, 1956இல் டோக்கியோ மேடையில் நடித்தார். 2011 நிலநடுக்கத்துக்குப் பின் வெளிநாட்டவர் பலர் கிளம்பிப் போன நேரத்தில், ஜப்பானிலேயே வாழ்வேன் என்று முடிவெடுத்து 2012இல், 89 வயதில், ஜப்பானியக் குடியுரிமை பெற்றார். கலையைக் கற்றுக்கொள்ள அவர் குடியுரிமைக்காகக் காத்திருக்கவில்லை.

நீங்களும் காத்திருக்க வேண்டாம். நகோயாவிலிருந்து குஜோ ஹச்சிமான் ஊர் எட்டும் தூரம்தான். அங்கே ஆகஸ்ட் 13 முதல் 16 வரை விடிய விடிய நடனம் ஆடுவார்கள். பார்வையாளர் வரிசை கிடையாது, யாரும் வட்டத்தில் சேரலாம். முன்னால் ஆடுகிறவரின் கையைப் பார்த்து ஆடுங்கள்.

கே: எல்லாம் சரி, எங்கே தொடங்குவது?

ப: உங்கள் வார்டு அலுவலகத்தில். பண்பாட்டு வகுப்புகளின் பட்டியலைக் கேளுங்கள், ஒன்றில் பெயர் கொடுங்கள். கற்றுத் தருபவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது, கற்க வரும் இளைஞர்களோ குறைந்துகொண்டே வருகிறார்கள். மொழி நன்றாக வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இந்த மாதமே போங்கள்.