எடிசனில் ஒரு ஆடிட்டர் வேண்டும்

பிப்ரவரி பிறந்தால் அமெரிக்கச் சாலையோரங்களில் சுதந்திர தேவிகள் முளைத்துவிடுவார்கள். பச்சை அங்கி, தலையில் கிரீடம், கையில் விளம்பர அட்டை. லிபர்டி டாக்ஸ் என்ற வரிக் கம்பெனிக்காகக் குளிரில் ஆடிக்கொண்டே கையசைப்பார்கள். ஜனவரி 31க்குள் கம்பெனிகள் சம்பளக் கணக்கான டபிள்யூ-2 படிவத்தை அனுப்பியாக வேண்டும். அது கைக்கு வந்த நாள் முதல் ஏப்ரல் 15 வரை நியூஜெர்சித் தமிழர்களின் வாட்ஸப் குரூப்களில் அமெரிக்க ஆடிட்டரான சி.பி.ஏ.வைத் தேடி ஒரே கேள்விதான்: "நல்ல சி.பி.ஏ. யாராவது தெரியுமா?"

ஒருவர் தன் ஆளுடைய போன் நம்பரைப் போடுவார். இன்னொருவர், "எதுக்குக் காசு? டர்போடாக்ஸ்ல நானே போட்டுட்டேன்" என்று பெருமையாகச் சொல்வார். மீதிப் பேர் "எனக்கும் சொல்லுங்க" என்று வரிசையில் நிற்பார்கள்.

கும்பகோணத்திலிருந்து எச்-1பி விசாவில் வந்து எடிசனில் குடியேறிய நம் கதாநாயகரும் அந்த வரிசையில்தான் நின்றார். அவருக்குத் தெரிந்த ஆடிட்டர் ஊரில் அப்பாவின் ஆடிட்டர். பாஸ்புக், எல்.ஐ.சி. ரசீது எல்லாவற்றையும் மஞ்சப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு அப்பா போவார். ஆடிட்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "வெச்சுட்டுப் போங்க, பாத்துக்கலாம்" என்பார். வேலை முடிந்தது. அப்படி ஒருவர் எடிசனின் இந்தியக் கடைத்தெருவான ஓக் ட்ரீ ரோட்டிலும் கிடைப்பார் என்று இவர் நம்பினார்.

ஓக் ட்ரீ ரோட்டில் கிடைக்காதது எது? புடவைக் கடைக்கு மேல்மாடியில், 'டாக்ஸ், நோட்டரி, ஏர் டிக்கெட்' என்று மூன்றும் ஒரே போர்டில் இருந்தது. உள்ளே இருந்தவர் உட்காரச் சொல்வதற்கு முன்பே பேரத்தை ஆரம்பித்தார். "ஃபீஸ் எல்லாம் கிடையாது சார், ரீஃபண்ட்ல பத்து பர்சன்ட் குடுங்க போதும். வீட்ல லேப்டாப் இருக்கா? அப்போ ஹோம் ஆபீஸ். அப்பா அம்மா இருக்காங்களா? ரெண்டு பேரையும் டிபெண்டன்ட்ல போட்டுடலாம்."

சம்பளக்காரர்களுக்கு ஹோம் ஆபீஸ் கழிவு 2018லேயே போய்விட்டது. பெற்றோர் கதை இன்னும் வேடிக்கை. பிள்ளை அனுப்பும் பணத்தில் வாழும் பெற்றோர் கனடாவிலோ மெக்சிகோவிலோ இருந்தால்கூடக் கணக்கில் சேர்க்க வழி உண்டு. கும்பகோணம் அந்தப் பட்டியலில் இல்லை. கடைசியில், "ரிட்டர்ன்ல என் கையெழுத்து வேண்டாம், நீங்களே போட்ட மாதிரி இருக்கட்டும்" என்றார் அவர். காசு வாங்கிக்கொண்டு கணக்கு எழுதுபவர் கையெழுத்தும் தன் எண்ணும் போட்டே ஆகவேண்டும் என்பது சட்டம். போடாதவர்களுக்கு அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். வைத்திருக்கும் பெயர் 'பேய்'. நம்மவர் பேயிடம் கும்பிடு போட்டுவிட்டு இறங்கினார்.

இதில் தமாஷ் என்னவென்றால், அமெரிக்காவில் அடுத்தவன் தலைமுடியை வெட்ட லைசென்ஸ் வேண்டும்; அடுத்தவன் வரிக்கணக்கை எழுதப் பெரும்பாலான மாநிலங்களில் அது வேண்டாம். பி.டி.ஐ.என். என்ற எண் ஒன்றை வாங்கிவிட்டால் கடை திறக்கலாம். இவர்களுக்கெல்லாம் பரீட்சை வைக்க ஐ.ஆர்.எஸ். திட்டம் போட்டது. உனக்கு அந்த அதிகாரமே இல்லை என்று 2013இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு.

சி.பி.ஏ. வேறு ஜாதி. நாலு தாள், ஒவ்வொன்றிலும் 75 எடுத்தாக வேண்டும். அதன்பிறகு மாநில வாரியத்தின் லைசென்ஸ். 1896இல் நியூயார்க் தொடங்கிவைத்த ஏற்பாடு இது. லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று சிபிஏவெரிஃபை தளத்தில் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். என்ரோல்டு ஏஜென்ட் என்று இன்னொரு கூட்டமும் உண்டு, அவர்களும் ஐ.ஆர்.எஸ். முன்னால் நமக்காக வாதாடலாம். உள்நாட்டுப் போரில் பறிகொடுத்த குதிரைகளுக்கு இழப்பீடு கேட்டுப் பொய்க்கணக்குகள் குவிந்ததால், 1884இல் உருவான பதவி அது. பொய்க்கணக்கின் சரித்திரம் அவ்வளவு நீளம்.

பேய்க்குப் பயந்த நம்மவர் அடுத்ததாக அசல் சி.பி.ஏ. ஒருவரைப் பிடித்தார். வெள்ளைக்காரப் பெரியவர், சுவர் முழுக்கச் சான்றிதழ்கள், தங்கமான மனிதர். வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது என்று நம்மவர் சொன்னதும், "அப்படியென்றால் இங்கேயும் வேண்டாமே" என்று தலையாட்டினார். இங்கே வரி உண்டு. லைசென்ஸ் மட்டும் இருந்தால் போதாது, நம் ஊர்ச் சிக்கல்களைக் கையாண்டவராகவும் இருக்கவேண்டும் என்பது அந்தத் தலையாட்டலில் புரிந்தது.

மூன்றாவதாகக் கிடைத்த ஆடிட்டர் அம்மா ரீஃபண்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. முதல் கேள்வியே, "இந்தியாவில் உங்கள் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் கணக்கு எத்தனை?" வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருஷத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் என்ற அறிக்கை கொடுக்கவேண்டும். அப்பாவோடு ஜாயின்ட்டாக இருந்தாலும் கணக்கு கணக்குதான். ருமேனியாவில் பிறந்த பிட்னர் என்ற அமெரிக்கர் ஐந்து வருஷ அறிக்கைகளைக் காலத்தில் கொடுக்காததற்கு, கணக்குக்கு ஒரு அபராதம் என்று போட்டு 27.2 லட்சம் டாலர் கேட்டது அரசு. அறிக்கைக்கு ஒன்றுதான் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அது 50,000 ஆக இறங்கியது.

மியூச்சுவல் ஃபண்ட் இருக்கிறதா என்று அந்த அம்மா கேட்டதில் ஒரு பயம் தெரிந்தது. இந்திய ஃபண்டுகளுக்கு 8621 என்று தனிப் படிவம். ஃபண்டுக்கு ஒன்றாக நிரப்பவேண்டும், ஃபீஸும் அதற்குத் தகுந்தபடி ஏறும்.

அன்று ராத்திரியே கும்பகோணத்துக்குப் போன் போனது.

"அப்பா, அங்க என் பேர்ல என்னென்ன அக்கவுண்ட் இருக்கு?"

"ஏன்டா, பணம் ஏதும் வேணுமா?"

"இல்லப்பா. இங்க கவர்மென்ட்டுக்குச் சொல்லணும்."

"நம்ம பணத்த அவனுக்கு எதுக்குடா சொல்லணும்?" என்று முனகியபடியே பீரோவைத் திறந்தார் அப்பா. சிட்டி யூனியன் பேங்கில் ஒரு சேவிங்ஸ். அவரோடு சேர்ந்து ரெண்டு எஃப்.டி. கூடவே அஞ்சு மியூச்சுவல் ஃபண்ட். அவ்வளவுதான், வேறெதுவும் கிடையாது என்று சத்தியம் செய்யாத குறை. நம்மவர் எல்லாவற்றையும் எழுதி, நிம்மதியாக அந்த அம்மாவுக்கு அனுப்பிவைத்தார்.

பத்து நிமிஷத்தில் பெற்ற அம்மாவின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. குரல் ரகசியமாக இருந்தது.

"அப்பாகிட்ட சொல்லிடாதப்பா. போஸ்ட் ஆபீஸ்ல உன் பேர்ல ஒரு ஆர்.டி. கட்டிட்டு வரேன்."