நிறையாத வயிறும் அணையாத அடுப்பும்: குறிஞ்சிப்பாடியில் ஒரு லாப்ரடாரின் உணவு வரவு பற்றிய ஆய்வு

குறிஞ்சிப்பாடி வட்டத்தில் வளரும் லாப்ரடார் நாய் ஏன் மெலிவதில்லை என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட சிக்கல். சோறு அதிகம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம்தான். ஆனால் எங்கள் வீட்டில் விசாரித்தவரை நாய்க்கு யாருமே சோறு போடவில்லை. காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை, அதுவும் மருத்துவர் சொன்ன அளவு. அதற்கு மேல் ஒரு பருக்கை கிடையாது என்று குடும்பத்தில் அத்தனை பேரும் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறார்கள். யாரும் போடாத சோற்றைத் தின்று ஓர் உயிர் 41 கிலோவுக்கு வந்திருக்கிறது. இயற்பியலின் அடிப்படை விதிக்கே இது சங்கடம் என்பதால் ஆய்வில் இறங்க வேண்டியதாயிற்று.

ஆய்வுப் பொருள்: ஆண், மஞ்சள் நிறம், வயது நான்கு, பெயர் டைகர். பெயருக்கேற்ற குணம் எதுவும் இதுவரை பதிவாகவில்லை. கொரியர் தம்பி கேட்டைத் திறந்தால் வாலை ஆட்டிக்கொண்டே உள்ளே அழைத்துப் போய்ச் சமையற்கட்டைக் காட்டிக் கொடுக்கும். ஆயா மட்டும் அதை ராசா என்பாள். டைகர் என்றாலும் ராசா என்றாலும் தலையைத் திருப்பிப் பார்க்கும். தட்டுச் சத்தம் கேட்டால் எழுந்தே வரும். ஆண் லாப்ரடார் ஏறக்குறைய 29 முதல் 36 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்த இனத்துக்கு வகுத்த அளவு. கூடுதலாக உள்ள ஐந்து கிலோவின் பிறப்பிடத்தைக் கண்டறிவதே நமது நோக்கம்.

ஒப்பீட்டுக்கு ஒரு நாய் வேண்டுமே என்று தெருவில் வசிக்கும் கறுப்பனைச் சேர்த்துக்கொண்டோம். கறுப்பனுக்கு இட்லி போட்டால் தின்னும். வயிறு நிறைந்ததும் மிச்ச இட்லியை வாயில் கவ்விக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு, மறுநாளைக்கு ஆச்சு என்று படுத்துக்கொள்ளும். இந்தச் சேமிப்புப் புத்தி டைகருக்கு இல்லை. புதைத்ததைத் தோண்டித் தின்றது டைகர்தான் என்பது பின்னால் தெரிய வந்தது. ஆக, ஒப்பீட்டுக் குழுவின் உணவும் ஆய்வுப் பொருளின் வயிற்றுக்கே போய்விட்டதால், முதல் கட்டத் தரவுகள் அனைத்தையும் தள்ளிவிட நேர்ந்தது.

முதலில் நாயின் பூர்வீகம். கனடாவின் நியூபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு கடலில் இறங்கி, தூண்டிலில் இருந்து நழுவிய மீனைக் கவ்வி வந்து, வலைக் கயிற்றை இழுத்துக் கொடுத்த நாய்களின் வழி வந்தது இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரபுக்கள் அவற்றைக் கப்பலில் வரவழைத்து, சுட்ட வாத்தை எடுத்து வரப் பழக்கினார்கள். 1903இல் பிரிட்டிஷ் கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. அமெரிக்கப் பதிவேட்டில் 1991 தொடங்கி 2021 வரை 31 ஆண்டுகள் முதலிடம் இதற்குத்தான். விரல்களுக்கு இடையே சவ்வு, தண்ணீரில் துடுப்பாகும் தடித்த வால், பனிக்குளிர் உறைக்காத இரட்டை ரோமம் எல்லாம் அந்தக் கடல் கொடுத்த சீதனம். பெருமாள் ஏரிக் கரைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனபோது, யாரும் எதையும் எறியாமலே தண்ணீரில் பாய்ந்து, யாரும் கேட்காத ஒரு ரப்பர் செருப்பைக் கரைக்குக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தது. செருப்புக்குச் சொந்தக்காரர் தூண்டிலோடு எதிர்க்கரையில் நின்றிருந்தார். அவர் சொன்னதை ஆய்வேட்டில் எழுத முடியாது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எலினார் ராஃபான் குழுவினர் முந்நூறுக்கும் மேற்பட்ட லாப்ரடார்களைச் சோதித்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் 14 எழுத்துகள் விடுபட்டிருந்தால், வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்கு இந்தக் குறை இருக்கிறது. பார்வையற்றோருக்கு வழிகாட்டவும் உடல் ஊனமுற்றோருக்கு உதவவும் தேர்ந்தெடுத்த லாப்ரடார்களில் அது நான்கில் மூன்று. தின்பண்டத்துக்காக எதையும் செய்யும் பிள்ளைதானே பாடத்தைச் சீக்கிரம் படிக்கும்! 2024இல் அதே குழு இன்னொன்றும் சொன்னது: இந்தக் குறையுள்ள நாய் சும்மா படுத்திருக்கும்போது மற்ற லாப்ரடார்களைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவாகத்தான் சக்தியைச் செலவழிக்கிறது. பசி கூட, செலவு குறைவு. எங்கள் டைகருக்கு மரபணுச் சோதனை செய்யவில்லை. தேவைப்படவும் இல்லை.

வெளிநாட்டு ஆய்வு இதோடு நின்றுவிடுகிறது. நாயின் பக்கத்தைப் பார்த்தவர்கள் ஊரின் பக்கத்தைப் பார்க்கவில்லை. எங்கள் வட்டத்துக்குள்ளேதான் வடலூர் இருக்கிறது. 1867ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. எந்த உயிரின் பசியையும் தீர்ப்பதுதான் ஜீவகாருண்யத்தின் தலையாய வேலை என்று அவர் எழுதி வைத்ததை நெசவு செய்யும் தெருவும் கரும்பு போடும் தெருவும் இங்கே நாலு தலைமுறையாகக் கேட்டு வளர்ந்திருக்கின்றன. வந்தவர் யார், எங்கிருந்து வந்தார், சற்று முன்னால்தான் சாப்பிட்டாரா என்றெல்லாம் விசாரிப்பது தருமச்சாலையின் சாப்பாட்டு வரிசையில் வழக்கமில்லை. இனி யோசித்துப் பாருங்கள்: பசி ஆறவே ஆறாத பிறவி ஒன்று, பசி என்று வந்தவரிடம் கேள்வியே கேட்கக் கூடாது என்று நம்புகிற ஊரில் வந்து குடியேறினால் என்ன ஆகும்? நியூபவுண்ட்லாந்திலும் கேம்பிரிட்ஜிலும் இந்தச் சேர்க்கை நிகழவில்லை. ஆகவே கூடுதல் ஐந்து கிலோ மரபணுவின் வேலை மட்டுமல்ல, மண்ணின் வேலையும்கூட என்பது நமது கருதுகோள்.

மெய்ப்பிக்க ஒரு சோதனை. கேம்பிரிட்ஜ்காரர்கள் ஓட்டை போட்ட ஒளி ஊடுருவும் பெட்டிக்குள் சாசேஜ் வைத்து, அதை எடுக்க நாய் எவ்வளவு பாடுபடுகிறது என்று அளந்தார்கள். சாசேஜ் குறிஞ்சிப்பாடியில் சுலபத்தில் கிடைக்காது. கிடைத்தாலும் எங்கள் ஆயா இருக்கிற வீட்டுக்குள் வராது. முறுக்கு வைத்தோம். மளிகைக்கடையில் மேசைமேல் இருக்குமே, சிவப்பு மூடி போட்ட அந்தப் பிளாஸ்டிக் ஜாடியில். டைகர் ஜாடியை மோந்தது. காலால் உருட்டியது. உருண்டு கட்டிலுக்கடியில் போனதும் தானும் பாதி உள்ளே போய், பின்பாதி வெளியே நிற்க வாலால் சுவரைத் தட்டியது. நான் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தேன். ஆயா வந்தாள். "வாயில்லாத புள்ளையை இன்னாத்துக்குடா இப்படி அலைய வுடற?" என்று கேட்டு, ஜாடியை எடுத்து மூடியைத் திறந்தாள். சோதனை முடிந்தது. நாயைப் பற்றி எதுவும் நிரூபணமாகவில்லை. கருதுகோளின் மறுபாதி அமோகமாக நிரூபணமாயிற்று.

அடுத்தது களப்பணி. சமையற்கட்டு வாசற்படி என்பதே ஆய்வு மையம். ராத்திரி எட்டு மணிக்கு ஆயா அங்கே தட்டோடு உட்காருவாள். டைகர் முன்னங்கால் இரண்டையும் நீட்டிப் படுத்து, தாடையை அவள் முழங்கால்மேல் வைக்கும். எதுவும் கேட்காது. இடது புருவம் ஒரு தடவை ஏறி இறங்கும், பிறகு வலது. கடைவாயின் இரண்டு பக்கமும் எச்சில் நூலாக இறங்கி மொசைக் தரையைத் தொடும். ஆயா ஒரு கவளம் தனக்கு உருட்டுவாள், அடுத்த கவளத்தைப் பேசிக்கொண்டே கீழே கொண்டுபோவாள். கை தானாகப் போகும். கண் டிவி சீரியலில் இருக்கும். பிறகு கேட்டால், "நான் எங்கடா போட்டேன்? நான் துன்னுகினு இருந்தேன்" என்பாள். இது பொய் அல்ல. அவள் மனதார அப்படித்தான் நம்புகிறாள். இதே போல அப்பா காலை நடையின்போது டீக்கடையில் வாங்கித் தரும் பொறை பிஸ்கட் உணவு அல்ல, நடைக்கு ஊக்கம். அம்மா தோசைக்கல்லில் முதலில் வார்ப்பது பிய்ந்துபோன தோசை. அது வீணாகப் போகக் கூடாது. தங்கை ஊட்டுவது மாத்திரையை மறைக்க வேண்டிய வாழைப்பழம், மாத்திரை முடிந்து வெகுநாளாகியும். ஒவ்வொருவர் கணக்கிலும் பூஜ்யம். பூஜ்யங்களைக் கூட்டினால் 41 கிலோ.

தயிர்ச்சோறு நாய்க்கு ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுப் பிரதிகள் பல மடங்கு அதிகம் என்று சுவீடன் ஆய்வாளர்கள் 2013இல் காட்டிவிட்டார்கள். அளவோடு போட்டால் ஆகும். அளவு என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஆனால் சில பொருள்களில் அளவே கிடையாது, இங்கே விளையாட்டை நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஆகவே சாம்பார், வடை, பிரியாணி மசாலா கூடாது. சாக்லேட் கூடாது. திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரைப் பொங்கலில் நெய்யில் பொரித்துப் போடும் உலர்திராட்சையும் திராட்சைதான். அதிலுள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். அந்த அமிலம் நம் புளியில் ஏராளம். ரசமும் புளிச்சோறும் பட்டியலை விட்டு அன்றைக்கே போயின. பண்ருட்டிப் பலாச்சுளை ஒன்றிரண்டு பரவாயில்லை, கொட்டையை முழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும்; முழுங்காமல் விடும் லாப்ரடார் இன்னும் பிறக்கவில்லை.

மற்றப் பராமரிப்பு குறித்துச் சுருக்கமாக. வெறிநாய்க்கடி ஊசியைத் தவறவிடக் கூடாது. மழைக்காலம் முடிந்ததும் காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் இந்தப் பக்கம் நாய்களைப் படுக்கப் போட்டுவிடும். குளித்தபின் காதை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும்.

வெயிலைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பனிக்கடலுக்குத் தைத்த ரோமத்தைப் போட்டுக்கொண்டு கத்திரி வெயிலைத் தாண்டுவது சாமானியமல்ல. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். அதனால் நடை என்பது விடியற்காலை ஐந்து மணிக்கு, இல்லையேல் தார் ஆறிய பிறகு. பக்கத்தில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை வெட்டி ஊர் உலகத்துக்கெல்லாம் மின்சாரம் அனுப்புகிறார்கள். எங்கள் தெருவில் கரண்ட் போனால் டைகர் நேரே பக்கத்து வீட்டுத் தறிக்கொட்டகைக்குப் போய்விடும். குழித்தறிக்குப் பக்கத்து மண் தரை எந்த மே மாதத்திலும் சில்லென்றிருக்கும். நாடா ஓடும் சத்தத்தில் வயிறு முழுக்கத் தரையில் படியப் படுத்துத் தூங்கும். லாப்ரடார் ஆண்டு முழுக்க முடி கொட்டும், இரண்டு பருவத்தில் கொட்டோ கொட்டென்று கொட்டும். "ஊடையில உங்க நாயும் சேர்ந்து போவுது சார்" என்று நெசவாளர் ஒரு நாள் நீலக் கட்டம் போட்ட கைலியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். கட்டத்தின் குறுக்கே மஞ்சள் இழை ஒன்று நேர்த்தியாக ஓடியது. அந்தக் கைலி எந்த நாட்டுக்குப் போயிற்றோ. கொட்டகையில் அவருடைய மதியச் சோற்றிலும் டைகருக்குப் பங்கு உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வரவுக் கணக்கில் வீட்டுக்கு வெளியே ஒரு கிளை!

எடையைக் குறைப்பது வெறும் அழகுக்காக அல்ல. அமெரிக்காவில் 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து ஜோடி ஜோடியாக வளர்த்து, ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் 25 சதவீதம் குறைவாகத் தீனி போட்டுப் பதினான்கு ஆண்டு பார்த்தார்கள். குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. மூட்டுவாதமும் குறைவாகத் தின்றவற்றுக்குத் தள்ளித்தான் வந்தது. அந்த ஆய்வுக்கூடத்தில் ஆயா யாரும் வேலையில் இருக்கவில்லை என்பதை இம்முடிவுகளைப் படிப்பவர் கருத்தில் கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் வீட்டில் எடுத்துச் சொல்லி, ஒரு நிர்வாகச் சீர்திருத்தம் கொண்டுவந்தோம். நாய்க்கு எது போட்டாலும் போட்டவர் தினசரி காலண்டர் தாளில் ஒரு கோடு கிழிக்க வேண்டும். ஒரு மாதத் தாள்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் நாளுக்கு இரண்டே கோடு, ஒன்றுகூட மிகையில்லை. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்த மருத்துவர் டைகரைத் தராசில் ஏற்றினார். 42 கிலோ. காலண்டர் தாள்களைக் காட்டினேன். அவர் தாள்களைப் பார்க்கவில்லை. கூட வந்திருந்த ஆயாவின் சுருக்குப்பையைப் பார்த்தார். டைகரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆயா இம்முடிவை ஏற்கவில்லை. தராசில் ஏறும்போது புள்ளை பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது, அதுதான் எடை காட்டுகிறது என்றாள்.