இரண்டாம் பாகக்காரர்

எந்த கேமைப் பற்றிப் பேச்செடுத்தாலும் இவர்களுக்கு இரண்டாம் பாகம்தான். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸா? இரண்டு. சிவிலைசேஷனா? இரண்டு. டோனி ஹாக் பெயரில் வந்த ஸ்கேட்போர்டு கேமா? சந்தேகமே வேண்டாம், இரண்டு. முதல் பாகம் வெள்ளோட்டமாம். மூன்றாம் பாகம் கம்பெனிக்காரன் கல்லா கட்டுவதற்காம். நான்காம் பாகம் என்று யாராவது வாயெடுத்தால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார்கள்.

ஹிஞ்சவடியில் ஐ.டி. வேலை, வாகடில் மூன்றாவது மாடி ஃப்ளாட், நாற்பதைத் தொட்ட வயது, கல்லூரி விடுதியில் ஒயர் இழுத்து விடிய விடிய ஆடிய கை. புனேயில் இந்த வகையறா ஏராளம். தமிழர்களும் உண்டு. நான் யாரையும் குறிப்பாகச் சொல்லவில்லை. பொதுவாக, ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்கள் நீலக் கட்டம் போட்ட கைலி கட்டியிருப்பார்கள். பொதுவாக, அந்தக் கைலியில் இஸ்திரிப் பெட்டி சுட்ட ஓட்டை ஒன்று இருக்கும்.

இவர் சொல்வதில் பாதி சரி. ஆத்திரம் வருவதே அதனால்தான்.

1997இல் வந்த முதல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் மதில் கட்டலாம், மதிலுக்குக் கதவு வைக்க முடியாது. ஊரைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பிவிட்டு, நாம் வெளியே போக ஓர் இடைவெளி விட்டால் அதே வழியாக எதிரி உள்ளே வருவான். 1999இல், இரண்டாம் பாகத்தில்தான் கதவு வந்தது. "நம்ம ஆள் போனா திறக்கும், எதிரி வந்தா திறக்காது. இந்த ஒரு கதவுக்கு ரெண்டு வருஷம் உழைச்சிருக்கான் மச்சான்" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மும். அவருடைய வீட்டுச் சமையலறைக் கதவின் தாழ்ப்பாள் கழன்று தொங்குவது தனி விஷயம்.

டோனி ஹாக் விவகாரமும் அப்படித்தான். முதல் பாகம் 1999, இரண்டாவது மறு வருடமே வந்துவிட்டது. முதல் பாகத்தில் பலகையோடு எகிறி, கம்பிமேல் வழுக்கி என்ன வித்தை காட்டினாலும் நான்கு சக்கரமும் தரையில் பட்டதும் கணக்கு முடிந்தது. இரண்டாம் பாகத்தில் மேனுவல் என்று ஒன்று சேர்த்தார்கள்: இரண்டே சக்கரத்தில் பலகையைச் சாய்த்துக்கொண்டு தடுமாறாமல் உருள்வது. அப்படி உருளும்வரை கணக்கு முடியாது, அடுத்த வித்தையையும் அதனோடு கோத்துவிடலாம். எல்லாவற்றின் மதிப்பெண்ணையும் கூட்டி, எத்தனை வித்தையோ அத்தனையால் பெருக்குவார்கள். இடையில் விழுந்தால் மொத்தமும் பூஜ்யம். நேரமோ 2 நிமிடம்தான். ரிச்சி தெருவில் வாங்கிய திருட்டு சிடியில் இதை ஆடித்தான் இவர் இரண்டு அரியர் வைத்தார். அந்த அரியர்களைப் பற்றிப் பேசும்போதும் இரண்டாவதைத்தான் பெருமையாகச் சொல்வார்.

2001இல் வந்த மூன்றாம் பாகத்தில், சரிவிலிருந்து இறங்கும்போதும் கோவை அறுந்துவிடாமல் இருக்க ரிவர்ட் என்ற அசைவைக் கொடுத்தார்கள். விஷயம் தெரிந்தவர்களில் பலர், அதனால்தான் மூன்றாவதே முழுமையானது என்பார்கள். இவரிடம் சொல்லிப் பாருங்கள். "கஷ்டம் இருக்கணும் மச்சான். நிறுத்தாம கோத்துக்கிட்டே போறதுக்கு அது என்ன பூக்கடையா?"

இதோடு விட்டிருந்தால் ஒருவருடைய ரசனை என்று விட்டுவிடலாம். இவர் இதை உலக நியதி ஆக்கிவிட்டார். ராஜராஜன் முதல் பாகம், ராஜேந்திரன் இரண்டாம் பாகம். அப்பா கோயில் கட்டினார், பிள்ளை கங்கைக்கும் கடாரத்துக்கும் போனான், இப்போது சொல்லுங்கள் எது பெரிது என்பார். பூப்பந்துக்கு இந்த ஊர் ராணுவ முகாமில்தான் 1870களில் வெள்ளைக்காரர்கள் விதி எழுதினார்கள், அப்போது அதற்குப் பெயரே பூனா. "அது முதல் பாகம். இங்கிலாந்து போய் பேட்மிண்டன்னு பேர் மாத்தின ரெண்டாம் பாகம்தான் 1992இல் ஒலிம்பிக்ஸுக்குப் போச்சு" என்பார். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அடுத்த உதாரணம் வந்துவிடும்.

2022இல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டுக்கு 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற இணைப்பு வெளிவந்தது. அதுவரை இந்தியர்கள் என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தவர்களைப் பிரித்து வங்காளிகள், கூர்ஜரர்கள், திராவிடர்கள் என்று தனித்தனியாகக் கொடுத்தார்கள். திராவிடர்களுக்குச் சுருள்வாள் வீசும் வீரன், திரிசடை என்று ஒரு போர்க்கப்பல், ஆட்டக் கதைக்கு நாயகனாக சாட்சாத் ராஜேந்திர சோழன். இவர் அன்றைக்கு ஆபீஸுக்கு லீவு போட்டார். "ரெண்டாம் பாகத்துல, ரெண்டாம் பாகத்து ராஜா! மைக்ரோசாஃப்டே ஒத்துக்கிட்டான் மச்சான்." சாயங்காலம் பார்த்தால் முகம் தொங்கிக் கிடந்தது. திராவிடர்களுக்கு நைட் என்கிற கவசக் குதிரைவீரன் கிடையாதாம். வடக்கத்தியான் செய்த சதி என்றார். செய்தது அமெரிக்கக் கம்பெனி என்றேன். அங்கேயும் வடக்கு உண்டு என்றார். பாண்டிய நாட்டுக்காரர்கள் கடல் வழியாகக் குதிரைகளை வாங்கி வாங்கிக் குவித்ததையும், வளர்க்கத் தெரியாமல் அவை செத்துப்போனதையும் மார்க்கோ போலோ எழுதிவைத்திருக்கிறாரே, கேம்காரன் படித்துவிட்டுத்தான் செய்திருக்கிறான் என்று எடுத்துச் சொன்னேன். "மார்க்கோ போலோவுக்கு இந்த கேம்ல ரேட்டிங் எவ்வளவு?" என்று கேட்டார்.

ஒருமுறை இவரை மடக்க வழி கிடைத்தது. சனிவார்வாடா வாசலில் நின்றிருந்தோம். முதல் பாஜிராவ் கட்டிய கோட்டை, 1732இல் குடிபுகுந்தது, ஆசாமி தோற்றதே இல்லை என்று பெயர் வாங்கியவர். இரண்டாம் பாஜிராவோ இதே ஊரின் கிர்க்கியில் வெள்ளைக்காரர்களிடம் தோற்று, 1818இல் ராஜ்யத்தைக் கொடுத்துவிட்டு, கான்பூர் பக்கம் பித்தூரில் வருடத்துக்கு 8 லட்சம் ரூபாய் பென்ஷனில் காலத்தை ஓட்டியவர். "இப்ப சொல்லுங்க மாப்பிள்ளை, எந்தப் பாகம் ஒசத்தி?" என்றேன். கோட்டைக் கதவில் யானை முட்டாமல் இருக்க அடித்த இரும்பு முட்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மனதுக்குள் கணக்கு ஓடியிருக்கிறது. "முதல் பாஜிராவ் செத்தது 1740. ரெண்டாமவர் பேஷ்வா ஆனது 1796. நடுவுல 56 வருஷம் கேப். அது ரெண்டாம் பாகமே இல்ல, ரீபூட்." 'இந்தியன் 2' கதியும் அதுதானாம்: 1996க்கும் 2024க்கும் நடுவே 28 வருடம். இரண்டாம் பாகம் இரண்டு வருடத்துக்குள் வந்துவிட வேண்டும். இந்த விதி அந்த நிமிடம் வரை இருந்ததாக எனக்குத் தெரியாது.

காந்தி கதை வேறு உண்டு. பழைய சிவிலைசேஷனில் காந்தியின் மூர்க்கக் குணத்துக்கு 1 என்று வைத்திருந்தார்களாம். நாடு ஜனநாயகத்துக்கு மாறியதும் அதில் 2 கழிய, கம்ப்யூட்டர் குழம்பி 255 ஆக்கிவிட்டதாம். காந்தி அணுகுண்டு போட ஆரம்பித்தாராம். தீபாவளிக்கு வந்த என் அப்பாவிடம் இதை அவர் சொல்லி முடித்தபோது அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த கேமைச் செய்த சிட் மையரே 2020இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில், அப்படி ஒரு பிழை இருந்ததே இல்லை என்று எழுதிவிட்டார். அதையும் சொன்னேன். "செஞ்சவருக்கு என்ன தெரியும்? ஆடினவனைக் கேக்கணும்."

ஸ்கேட் என்று 2007இல் வேறு கம்பெனி ஒரு கேம் விட்டது. கன்ட்ரோலரின் வலது குச்சியைச் சுண்டினால்தான் பலகை எழும்பும், நாலு படி தாண்டுவதற்குள் நாக்குத் தள்ளும். இவருடைய விமரிசனம்: "நிஜமா கஷ்டப்படணும்னா வாகட் ரோட்ல டூவீலர் ஓட்டிக்கிறேன்." இது ஒன்றில் நான் அவர் கட்சி. கஷ்டம் இருக்கணும் என்று போன மாதம் சொன்னவர் யார் என்று கேட்கத்தான் நாக்குத் துடித்தது.

டோனி ஹாக் மூன்றையும் நான்கையும் சேர்த்து 2025 ஜூலையில் புதிதாகச் செய்து விட்டார்கள். 2002இல் வந்த நான்காம் பாகத்தில் நேரக் கட்டுப்பாடு கிடையாது. இஷ்டத்துக்குச் சுற்றலாம், நிற்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்து வேலை வாங்கிக்கொள்ளலாம். இவர் அதை இருபது வருடமாகத் திட்டினார், 2 நிமிடம் போன பிறகு மானம் எங்கே என்று. புதிய பதிப்பில் அந்த 2 நிமிடத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். சந்தோஷப்படுவார் என்று போன் போட்டேன். "ஒரிஜினலை இப்படிச் சிதைக்கிறதுக்கு இவனுங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?"

பையன் நிஜ ஸ்கேட்போர்டு கேட்டான். மறுபேச்சில்லாமல் வாங்கிக் கொடுத்தார். சொசைட்டி பார்க்கிங்கில், மற்ற பிள்ளைகள் ரோலர் ஸ்கேட்டில் வட்டம் போட்டுக்கொண்டிருக்க, இவர் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு ஆலி என்றால் என்ன, 1970களின் கடைசியில் ஃபுளோரிடாவில் ஆலன் கெல்ஃபாண்ட் அதை எப்படிக் கண்டுபிடித்தார், பின்காலால் தட்டி முன்காலை ஏன் இழுக்க வேண்டும் என்று பையனுக்கும் வாட்ச்மேனுக்கும் சேர்த்துப் பாடம் எடுத்தார். பிறகு ஏறி நின்றார். பலகை ஒரு பக்கம் போனது, கைலி இன்னொரு பக்கம் போனது. எழுந்து முட்டியைத் துடைத்துக்கொண்டு, "இது முதல் தடவைதானே" என்றார். இரண்டாம் தடவையும் விழுந்தார். அப்போது எந்தத் தத்துவமும் சொல்லாமல் சிரித்தார். பையனும் சிரித்தான். மாமல்லபுரத்துச் சிறுமி ஒருத்தி ஸ்கேட்போர்டு ஓட்டுவதை எடுத்த 'கமலி' என்ற குறும்படம் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டதே, அதை அன்று ராத்திரி எங்கள் எல்லாரையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஒரு ராத்திரிக்காக இந்த மனுஷரை எவ்வளவோ மன்னிக்கலாம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை மன்னிக்க முடியாது. பன்னிரண்டரைக்கு "கடைசி மேட்ச்" என்று உட்காருவார். ஒரு மேட்ச் முக்கால் மணி நேரம். தோற்றால் அது கணக்கில் வராது, ஏனென்றால் நெட் கட் ஆகிவிட்டது. இந்த கேமில் 13 என்று தட்டினால், உன் இன்டர்நெட் கம்பெனிமேல் பழியைப் போடு என்று நக்கலாக ஒரு குரல் கேட்கும். முகம் தெரியாத எவனோ அதைத் தட்டுவான், இவர் சூடேறி இன்னொரு கடைசி மேட்ச். மூன்று மணிக்கு ரசம் இரண்டாம் தடவை சூடாகும். இரண்டாம் தடவை சூடு பண்ணிய ரசம்தான் ருசி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லியும்விட்டார்.

என் தங்கையும் ஹிஞ்சவடிக்குத்தான் வேலைக்குப் போகிறாள். அவளுக்கும் வாரத்தில் அதே ஞாயிற்றுக்கிழமைதான். பையன் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தால் இவர் பின்னால் வந்து உட்கார்ந்து, இப்ப குதி, இப்பத் திருப்பு, ஐயோ அங்கே ஏன் போறே என்று ஆரம்பிப்பார். ஐந்து நிமிடத்தில் கன்ட்ரோலர் இவர் கைக்கு வந்துவிடும், "ஒரு தடவை காட்டறேன் பாரு" என்று. பையன் இப்போதெல்லாம் அப்பா வீட்டில் இருக்கும்போது கேமே தொடுவதில்லை. உள் அறையில் மொபைலை வைத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்கிறான். இது எனக்கு வேடிக்கையாக இல்லை.

நேரில் சொல்ல முடியுமா? மாப்பிள்ளை முகம் வாடினால் அம்மா எனக்குச் சோறு போடமாட்டாள். அந்த அம்மாவே போன பொங்கலுக்கு வந்திருந்தபோது, பேரனைத் தடவிக்கொண்டே, "ஒண்ணோட நிறுத்திட்டீங்களே மாப்பிள்ளை, ரெண்டாவது எப்போ?" என்று கேட்டாள். இரண்டாம் பாகத்துக்காகவே பிறவி எடுத்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "முதல் பாகமே நல்லா வந்திருக்குங்க அத்தை" என்று சொல்லி எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

முதல் பாகங்களை இவர் காசு கொடுத்து வாங்குவது கிடையாது. இந்தப் புனேயிலேயே நாடிங் ஹெட்ஸ் என்ற சின்ன ஸ்டூடியோ உட்கார்ந்து, தம்பியைத் தேடிப் போகும் ஒரு பெண்ணின் கதையை 'ராஜி' என்று 2020இல் கேமாகக் கொண்டுவந்தது. நம்ம ஊரில் செய்தது, நம்ம புராணம், ஒரு பிரதி வாங்கக்கூடாதா என்றேன். இரண்டாம் பாகம் வரட்டும், வாங்கலாம் என்றார்.

இவ்வளவும் எதற்கு எழுதுகிறேன் என்றால், என்னுடைய கன்ட்ரோலரை இரவல் வாங்கிப்போனார். திரும்பி வந்தபோது இடது குச்சி கெட்டுப்போயிருந்தது. கையை எடுத்துவிட்டாலும் என் சிப்பாய்கள் தாங்களாகவே இடப்பக்கம் நடந்துபோய்க் கடலோரத்தில் நிற்கிறார்கள். கேட்டால் ரிப்பேர் வேண்டாம், புதுசே வாங்கித் தருகிறேன் என்கிறார். புது மாடல் வந்து மாதங்கள் ஆகின்றன. கடையிலும் இருக்கிறது. ஆனால் முதல் மாடலை யாராவது வாங்குவார்களா மச்சான் என்கிறார்.