காணோம் பொங்கல்: ஓர் ஆய்வு

தை மூன்றாம் நாள் உற்றார் உறவினரைக் காண்பதால் அதற்குக் 'காணும் பொங்கல்' என்று பெயர் வந்தது என்பார்கள். காட்டுப்பள்ளியிலிருந்து குட்டியானை வண்டியில் குடும்பத்தோடு பழவேற்காடு போய்வந்தவன் என்ற தகுதியில் இதை மறுக்கிறேன். அன்று கடற்கரையில் அதிகம் காதில் விழும் சொல் 'காணோம்'. செருப்பைக் காணோம், சாவியைக் காணோம், சின்னவனைக் காணோம். காணோம் பொங்கல் என்பதே நாளடைவில் மருவியிருக்க வேண்டும்.

இலக்கணமும் என் பக்கம்தான். 'காணோம்' தன்மைப் பன்மை எதிர்மறை வினைமுற்று. பிள்ளையைத் தொலைத்தவர் சித்தப்பா ஒருவரே ஆனாலும், வினைமுற்று மொத்தக் குடும்பத்தையும் குற்றத்தில் சேர்த்துக்கொள்கிறது. கூட்டுக்குடும்பத்துக்கென்றே செய்த சொல்.

இனி, தலை எண்ணும் முறைகள். விரல் நீட்டி எண்ணுவது பழையது. அதன் கோளாறை வீரமாமுனிவர் பரமார்த்த குரு கதையிலேயே சொல்லிவிட்டார்: ஆற்றைக் கடந்தபின் எண்ணுகிற சீடன் தன்னை விட்டுவிடுவான். மெரினாவில் போலீஸார் குழந்தைகளின் கையில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டுகிறார்கள். நல்ல முறைதான். ஆனால் சித்தப்பாவின் கையில் யார் கட்டுவது?

பழவேற்காடு ஏரியில் யாருக்கு என்றைக்குப் பாடு, அதாவது வலை போடும் முறை, என்று பிசகாமல் கணக்கு வைத்திருக்கும் மீனவர் கூட்டம் நாங்கள். சொந்தப் பிள்ளைகளை எண்ணும்போது மட்டும் கோட்டை விடுகிறோம். மண்ணின் ராசியோ என்னவோ. இங்கே 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்களும் பின்னால் கோட்டை விட்டவர்கள்தானே.

எங்கள் பெரியம்மா கண்டுபிடித்தது வடை முறை. 14 பேர், 14 வடை. பரிமாறி முடித்ததும் வடை மீந்தால் ஆள் குறைகிறது. கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் 2011 டிசம்பர் 25 அன்று இதே பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். அதற்குப் பிறகுதான் உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. பெரியம்மா வடை சுடத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான். அவர் எண்ணும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை.

சென்ற முறை லைட் ஹவுஸ் குப்பத்து மணலில் புளிச்சோறு சாப்பிட்டுவிட்டு, பாலம் தாண்டி ஊருக்குள் வந்தோம். பொன்னேரி பக்கத்திலிருந்து, அறுவடை முடித்த குடும்பங்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. நெல் அவர்களுடையது, நெரிசல் எங்களுடையது. அங்கே நின்று வடை கொடுத்தார் பெரியம்மா. தட்டு காலி. ஆகவே அனைவரும் உளர் என்று முடிவு செய்து பத்தடி நடந்தபோது தங்கச்சி அலறினாள்: "சின்னவன் எங்கடா? காணோமே!"

முறையில் பிழையில்லை. சித்தப்பா இரண்டு வடை தின்றிருந்தார். "பசிச்சுது அண்ணி" என்பதைத் தவிர அவர் தரப்பில் சான்று ஏதும் முன்வைக்கப்படவில்லை.

சின்னவன் டச்சுக் கல்லறையின் வாசலில் அகப்பட்டான். அங்கே கல்லில் செதுக்கிய எலும்புக்கூட்டின் விலா எலும்புகளை விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தான். குடும்பத்தில் ஒழுங்காக எண்ணுகிற ஒருவன் தேறிவிட்டான் என்று பெரியம்மா அவனை அடிக்காமல் விட்டார்.

பெரியம்மாவின் முறை பாத்திரங்களுக்குச் செல்லாது என்பது வீடு வந்த பிறகு தெரிந்தது. பாத்திரங்கள் வடை தின்பதில்லை. லைட் ஹவுஸ் குப்பத்து மணலில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி கிடந்து யாராவது எடுத்து வைத்திருந்தால் காட்டுப்பள்ளிக்குச் சொல்லி அனுப்புங்கள். மூடியில் அம்மாவின் பெயர் வெட்டியிருக்கும்; கைப்பிடி கொஞ்சம் நெளிந்திருக்கும்.