கப்பல் வேலைதான், பெரியப்பா!

சவுத்தாம்ப்டன்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

இங்கு நான் நலம். மழையும் நலம், ஒரு நாள் தவறாமல் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. பால்கோவா அனுப்பப் போவதாகச் சொன்னீர்களே, வேண்டாம். இந்தியாவிலிருந்து வரும் பால் பண்டத்துக்கு இங்கே தடை. விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

ராஜபாளையத்துப் பெண் வீட்டில் தரகர், "மாப்பிள்ளைக்கு லண்டன்ல கப்பல் வேலை" என்று சொல்ல, அவர்கள் "சரக்குக் கப்பலா, பயணிகள் கப்பலா?" என்று கேட்டார்களாமே. லண்டன் மட்டும்தான் பொய். கப்பல் வேலை என்பது நிஜம். எல்லாம் முழுகிப்போன கப்பல்கள் என்பதைத் தரகர் சொல்லாமல் விட்டுவிட்டார். எனக்கு வாய்த்ததில் புத்தம் புதியது, இரண்டாம் உலகப் போரில் குண்டு வாங்கியது. கடலடித் தொல்லியல் என்று சொன்னால் அவர்கள் பயந்துவிடுவார்கள் என்று நீங்கள் தயங்குவதும் புரிகிறது. ஆகவே விவரமாக எழுதுகிறேன். வேண்டியதை எடுத்துச் சொல்லுங்கள்.

முதலில் தண்ணீரில் இறங்குகிற கதை. சுற்றுலாக்காரர்கள் வாங்கும் டைவிங் சான்றிதழோடு வந்து சேர்ந்தேன். அதை வைத்து மீனை வேடிக்கை பார்க்கலாம். சம்பளத்துக்கு முழுக முடியாது. அதற்குத் தொழில்முறைப் பயிற்சி தனி. வருடா வருடம் அதற்கென்றே அங்கீகாரம் பெற்ற டாக்டர் காதைக் குடைந்து, மூச்சை ஊதச் சொல்லி, "தகுதி" என்று எழுதித் தர வேண்டும். பயிற்சிக்குக் கட்டிய பணத்தில் தோப்பில் இன்னொரு போர் போட்டிருக்கலாம் என்று அப்பா சொல்வது நியாயம்தான்.

செண்பகத்தோப்பு ஓடையில் நீச்சல் பழகியவன் என்ற மிதப்பும் முதல் நாளே இறங்கிவிட்டது. நம் ஓடையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால், காலைக் கொத்த வருகிற மீன் எத்தனை என்று எண்ணிவிடலாம். இங்கே பல நாள் நீட்டிய கை எங்கே போனது என்றே தெரியாது. தடவித் தடவித்தான் ஆராய்ச்சி. குளிருக்குத் தண்ணீர் புகாத உடுப்பு ஒன்று உண்டு. உள்ளே கம்பளி, கழுத்தை நெரிக்கும் ரப்பர், இடுப்பில் ஈயக்கட்டி, முதுகில் காற்று சிலிண்டர். ஆடிப்பூரத்தன்று ஆண்டாளுக்கு அலங்காரம்கூட இதைவிடச் சீக்கிரம் முடியும். எல்லாம் மாட்டி முடித்த பிறகுதான் மூக்கு அரிக்கும்.

கீழே பேனா எழுதாது. பிளாஸ்டிக் தாளில் பென்சிலால் எழுத வேண்டும். பென்சிலைப் பலகையோடு நூல் போட்டுக் கட்டியிருப்போம். முடிச்சு அவிழ்ந்தால் அது மேலே போய்விடும். நான் கீழே இருப்பேன். மேற்பார்வையாளர் காதுக்குள் கேட்பார்: "பென்சில் வந்துடுச்சு, நீ எப்போ வர்றே?"

இந்த ஆட்டமெல்லாம் வருடத்தில் சில வாரங்களுக்குத்தான். மற்ற நாளெல்லாம் நாற்காலி. இந்த நாட்டில் கடலுக்குள் காற்றாலை நடுகிறார்கள். கயத்தாறு, ஆரல்வாய்மொழி வழியாகப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் பார்த்த காற்றாடிதான் எனக்குச் சோறு போடும் என்று எந்த ஜோசியரும் சொல்லவில்லை. காற்றாலை நிற்கிற இடத்திலும் கேபிள் போகிற பாதையிலும் பழைய கப்பல் கிடக்கிறதா என்று முன்னதாகவே பார்த்துவிட வேண்டும். ஒலியலையைக் கடலடியில் பக்கவாட்டில் அனுப்பி எடுத்த படங்கள் கணினியில் வந்துகொண்டே இருக்கும். தரையைவிட்டு எழும்பி நிற்கிற எதற்கும் பின்னால் ஒலி படாத ஒரு நிழல் விழும். நிழலின் நீளத்திலிருந்து பொருளின் உயரத்தைக் கணக்குப் போடலாம். காலையிலிருந்து மாலைவரை பழுப்புப் படத்தில் நிழல் பார்ப்பேன். பாறை, பாறை, சிங்கி இறால் கூண்டு, பாறை, அறுந்த நங்கூரம். கப்பலே அகப்பட்டாலும் பெரும்பாலும் கேபிளை வளைத்துக் கொண்டுபோவார்களே தவிர, தோண்டச் சொல்ல மாட்டார்கள். கண்டுபிடித்ததைத் தொடாமல் விடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

புதையல் கிடைத்ததா என்று சித்தி கேட்டார்களாம். முழுகிய கப்பலிலிருந்து ஓர் ஆணியை எடுத்தாலும் 28 நாட்களுக்குள் அதற்கென்று இருக்கிற அரசு அதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும் என்பது சட்டம். ஆணிக்கே அப்படி என்றால், தங்கம் எடுத்தவன் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று சித்தியே யோசித்துக்கொள்ளட்டும்.

பெண் வீட்டாருக்குக் காட்ட உருப்படியாக ஒரு கப்பல் வேண்டுமென்றால், பக்கத்து ஊரான போர்ட்ஸ்மத்தில் 'மேரி ரோஸ்' இருக்கிறது. எட்டாம் ஹென்றி ராஜாவுடையது. 1545 ஜூலை 19 அன்று பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டையில் முழுகியது. 1982 அக்டோபரில் தூக்கினார்கள். சேற்றில் புதைந்திருந்த வலப்பக்கம்தான் மிஞ்சியது. வெளியே நின்ற பக்கத்தைக் கடல் அரித்து, மரம் துளைக்கும் புழு தின்று தீர்த்துவிட்டது. மிஞ்சியதைச் சும்மா காயவிட்டால் சுருங்கி வெடித்துவிடும். அதனால் முதலில் குளிர்ந்த தண்ணீர், 1994 முதல் மெழுகு போன்ற ஒரு ரசாயனக் கரைசல் என்று 2013 வரை தெளித்துக்கொண்டே இருந்தார்கள். முப்பது வருடத்துக்குமேல் ஒரு மரக்கப்பலைக் குளிப்பாட்டியிருக்கிறார்கள்! அந்த அகழாய்வை நடத்திய மார்கரெட் ரூல் அம்மையார் நாற்பதைத் தாண்டிய பிறகுதான் முழுகக் கற்றார். நான் சற்று முன்னதாகவே ஆரம்பித்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

அதே கப்பலில் தச்சர் அறைக்குப் பக்கத்தில் ஒரு நாயின் எலும்புக்கூடு கிட்டத்தட்ட முழுசாகக் கிடைத்தது. 'ஹாட்ச்' என்று பெயர் வைத்து, கண்ணாடிப் பெட்டியில் நிறுத்தியிருக்கிறார்கள். எலி பிடிக்க வைத்திருந்த குட்டை ஜாதி. நம் ராஜபாளையம் நாய் ஏறியிருந்தால் பிரெஞ்சுக்காரன் கிட்டேயே வந்திருக்க மாட்டான் என்று பெண்ணின் அப்பா சொல்வார். சொல்லட்டும்; நான் ஒப்புக்கொள்கிறேன்.

சிரிப்பு போகட்டும், பெரியப்பா. இந்தத் தொழிலில் நான் கற்றது ஒன்று உண்டு. பெரிய பெரிய கப்பல்களைப் பல சமயம் கண்டுபிடித்தவர்கள் பட்டம் வாங்கியவர்கள் இல்லை. துருக்கியில் 1982-இல் மெஹ்மத் சாகிர் என்ற கடற்பஞ்சு எடுப்பவர், கடலடியில் காது வைத்த உலோக பிஸ்கட் கிடக்கிறது என்றார். போய்ப் பார்த்தால் 3,300 வருடத்துக்கு முந்தைய உலுபுருன் கப்பல்! 10 டன் செம்பு, ஏறக்குறைய 1 டன் வெள்ளீயம். தொல்லியலாளர்கள் 1984-இல் தொடங்கி 1994 வரை, 22,000 தடவைக்குமேல் முழுகி எடுத்தார்கள். இலங்கையின் தென்கரையில் கொடவாய அருகே கிடக்கும் கப்பலை 2003-இல் காட்டிக் கொடுத்தவர்களும் மீனவர்கள்தான். இரண்டாயிரம் வருடப் பழசு. இந்தியப் பெருங்கடலில் இதுவரை தெரிந்ததில் மூத்தது. அவர்கள் கண்டுபிடிப்பார்கள், நாங்கள் அளந்து, வரைந்து, எண் போட்டு எழுதி வைப்போம். அதுதான் உண்மையான வேலைப் பிரிவினை. பெண் வீட்டில் இதை அப்படியே சொல்லுங்கள். வேலை ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம்தான் புதுப்பிக்கிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம்.

நம் வீட்டுச் சின்னவளும் இந்தப் படிப்புக்கே வருகிறேன் என்கிறாளாம். தடுக்காதீர்கள். 2025 பிப்ரவரியில் துவாரகைக் கடலில் இறங்கிய மத்தியத் தொல்லியல் துறைக் குழுவில் ஐந்து பேரில் மூவர் பெண்கள். பூம்புகாரில் தொல்லியலாளர் எஸ்.ஆர். ராவ் காலத்தில் தேடியதற்கு மேல் இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கிறது. ஆனால் முழுகுவதற்கு முன் பானை ஓட்டைப் படிக்கப் பழகட்டும். செங்கடல் கரையில் குசைர் அல்-கதீம் என்ற பழைய துறைமுகத்தில் எங்கள் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது தமிழ் பிராமி எழுத்துள்ள ஓடு வந்தது. அதை உறுதிசெய்யச் சென்னையில் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன்வரை போக வேண்டியிருந்தது. எழுத்துத் தெரிந்தவள் ஒருத்தி குழியிலேயே நின்றிருந்தால் அந்தத் தபால் செலவு மிச்சம்.

லீவில் ராமேஸ்வரம், தரங்கம்பாடிப் பக்கம் அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் வலை மாட்டிக் கிழிகிறது, கூட என்ன வந்தது என்று மீனவர்களிடம் கேட்டு எழுதட்டும். கையில் டீக்காசு தாராளமாகக் கொடுங்கள். நான் இவ்வளவு செலவு செய்து கற்ற கருவிகளில் அதைவிட வேலை செய்வது எதுவும் இல்லை.

அன்புடன்,
உங்கள் மகன்