சாவி வாங்குவதற்கு முன்…

கேள்வி: நம் ஊர் லைசென்ஸை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் கார் வாடகைக்கு எடுக்க முடியுமா? (திருச்சி)

பதில்: பல நாடுகளில் கூடவே இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டும் கேட்பார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் 1,000 ரூபாய் கட்டினால் ஒரு வருஷத்துக்குத் தருவார்கள். அசல் லைசென்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், இரண்டும் வேண்டும். 1949 ஜெனீவா ஒப்பந்தத்தில் நாம் இருப்பதால் ஜப்பானில்கூட நம் பெர்மிட் செல்லும். சீனாவில் செல்லாது. அங்கே ரயில் பிரமாதம், அதில் ஏறுங்கள்.

கேள்வி: எந்த நிறக் கார் கேட்கலாம்? (சேலம்)

பதில்: அவர்கள் தருகிற நிறம். அடுத்த ஆள்!

கேள்வி: பெரிய எஸ்.யூ.வி.யாக எடுத்தால் கௌரவமாக இருக்குமே? (கோவை)

பதில்: எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது: சின்னக் கார்! ஐரோப்பாவின் பழைய ஊர்ச் சந்துகளுக்குக் கௌரவம் தெரியாது, அகலம்தான் தெரியும். கியர் வண்டி கை மறந்தவர்கள் ஆட்டோமேட்டிக் என்று சொல்லியே புக் செய்யுங்கள். சொல்லாவிட்டால் அங்கே பெரும்பாலும் கியர் வண்டிதான் வந்து நிற்கும்.

கேள்வி: ஐஸ்லாந்து போகிறோம். கெஃப்லவிக் ஏர்போர்ட்டில் கார் எடுத்தால் ‘சாம்பல் இன்சூரன்ஸ்’ விற்பார்களாமே, ஏமாற்று வேலையா? (மதுரை)

பதில்: ஆஹா, இப்படி ஒரு கேள்விக்குத்தானே காத்திருந்தேன்! ஏமாற்று இல்லை ஐயா, நிஜம். அது எரிமலை நாடு. தென்கரையில் காற்று கிளம்பினால் மணலும் சாம்பலும் சேர்ந்து வந்து பெயின்டை உரித்துவிடும். சரளைக்கல் தெறிப்பதற்குத் தனி இன்சூரன்ஸ் உண்டு. ஆற்றைக் கடக்கும்போது இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் மட்டும் பொதுவாக எந்த இன்சூரன்ஸும் கைகொடுக்காது. நடுமலையில் ‘எஃப்’ என்று எண் போட்ட சாலைகளுக்கு ஃபோர் வீல் டிரைவ் கட்டாயம். அங்கே மட்டும் என் சின்னக் கார் கொள்கையைத் தளர்த்திக்கொள்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது கதவு விவகாரம்! காருக்குப் பின்னாலிருந்து காற்றடிக்கும்போது கதவைத் திறந்தால் கையிலிருந்து பிடுங்கி முன்பக்கமாக மடக்கிவிடும். கீல் வளைந்தால் அப்புறம் மூடவே மூடாது. காற்றால் போன கதவு பல பாலிசிகளில் சேராது, செலவு உங்கள் தலையில். அதனால் காற்று வரும் திசைக்கு மூக்கைக் காட்டி நிறுத்துங்கள். ஒரு கையால் பிடித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஒவ்வொருவராக இறங்குங்கள். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்று கேட்டு வளர்ந்த உங்களுக்கு இதற்குமேல் சொல்லவா வேண்டும்? அங்கே பன்னிரண்டு மாதமும் ஆடிதான்!

கேள்வி: வாடகையிலேயே இன்சூரன்ஸ் அடக்கம் என்றார்கள். கவுன்டரில் போனால் மறுபடி விற்கிறார்கள்? (தஞ்சாவூர்)

பதில்: அடக்கம்தான். ஆனால் சேதத்தில் முதல் இவ்வளவு தொகை உங்கள் பொறுப்பு என்று ஒரு வரி இருக்கும். அதற்கு ‘எக்சஸ்’ என்று பேர். அதைக் குறைக்கத்தான் கூடுதலாக விற்கிறார்கள். வாங்குவதா வேண்டாமா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். தூக்கம் கெட்ட கண்ணோடு கவுன்டரில் எடுக்கிற முடிவு எதுவும் உருப்படாது. டயர், கண்ணாடி, அடிப்பாகம் மூன்றும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சாவி கைக்கு வந்ததும் செல்போனில் வீடியோ! நாலு பக்கமும், வீல் ரிம்மும், பெட்ரோல் முள்ளும் தெரியவேண்டும். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே வீடியோ.

கேள்வி: டெபிட் கார்டு போதுமா? (ஈரோடு)

பதில்: பல இடங்களில் போதாது. கிரெடிட் கார்டு, அதுவும் ஓட்டுகிறவர் பெயரில்.

கேள்வி: ஃப்ளோரன்ஸ் போய்வந்து மாதங்கள் ஆகிவிட்டன. வாடகை கம்பெனி இப்போது கார்டிலிருந்து பணம் எடுத்திருக்கிறதே? (சென்னை)

பதில்: பழைய நகரத்துக்குள் காரை விட்டிருக்கிறீர்கள். இத்தாலியில் அதற்கு இசட்.டி.எல். என்று எல்லை போட்டிருக்கிறார்கள். போலீஸ்காரர் இருக்க மாட்டார், கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துவிடும். இப்போது போனது உங்கள் விலாசத்தை எடுத்துக் கொடுத்ததற்கான கட்டணம். அபராதச் சீட்டு தனியாக வரும், தயாராக இருங்கள். அடுத்த முறை ஓட்டல் அந்த எல்லைக்குள் இருந்தால் கார் நம்பரை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லி, பதிவு செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: ராத்திரி பதினோரு மணிக்கு சிகாகோவில் இறங்குகிறோம். அப்போதே கார் எடுத்து மூன்று மணி நேரம் ஓட்டி மகள் வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறார் என் கணவர். எனக்குப் பயமாக இருக்கிறது. (நாகர்கோவில்)

பதில்: உங்கள் பயம் நியாயமானது அம்மா. வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். அரை உலகம் தாண்டி வந்த உடம்புக்கு ராத்திரி எது, பகல் எது என்று பிடிபடாது. ஏர்போர்ட் பக்கத்தில் ஓட்டலில் தூங்கிவிட்டுக் காலையில் கார் எடுக்கட்டும். அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டவேண்டும். கூட்டமான சாலையில் முன்னே போகிற வண்டிகள் வழிகாட்டும். பெட்ரோல் பங்கிலிருந்து ஆளில்லாத சாலைக்குத் திரும்பும்போதுதான் கை பழக்கதோஷத்தில் இடப்பக்கம் இழுக்கும். நம் கார் பலவற்றில் இன்டிகேட்டர் வலப்பக்கம், அங்கே இடப்பக்கம். திரும்புகிற நேரத்தில் வைப்பர் ஆடும், கவனம் சிதறும். முதலில் பார்க்கிங்கிலேயே நாலு சுற்று சுற்றட்டும். ஓட்டுகிறவர் உட்காரும் பக்கம் எப்போதும் சாலையின் நடுக்கோட்டை ஒட்டி இருக்கவேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் நீங்கள் ‘வலப்பக்கம்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் சலித்துக்கொண்டாலும் சொல்லுங்கள். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாக மகளுக்கு இன்றைக்கே போன் போட்டுவிடுங்கள்.